எங்கள் பால்வாடிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்களுக்கு

தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வருடம் இதே ஜூனில் நம் பால்வாடியில் பாய் விரித்தால் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கும். சொந்த வீட்டுக்காரர்கள் பிள்ளையை வேன் வைத்து நர்சரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் லைன் வீடுகளில், பனியன் கம்பெனிக்குப் போகிற ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்களின் சின்னப் பிள்ளைகள் அக்காமார் பொறுப்பில் அறைக்குள்ளேயே கிடந்தார்கள். அந்த அக்காவுக்கே எட்டு வயது இருந்தால் அதிகம். இப்போது பாயில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கிறது. அதற்குக் காரணமானவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் லைன் வீட்டு ஓனர் அண்ணன். வாடகை வாங்கப் போகும்போதெல்லாம், பால்வாடியில் காசு வாங்க மாட்டார்கள், சோறும் முட்டையும் உண்டு என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லியிருக்கிறார். அவர் இந்தி யாருக்குப் புரிந்ததோ, பிள்ளைகள் வந்துவிட்டார்கள்!

அப்புறம், செக்கிங் வேலை பார்க்கும் ஒடிசா அக்கா. பிள்ளைக்கு ஆதார் இல்லை என்றால் சேர்க்க மாட்டார்கள் என்று லைன் முழுக்க ஒரே பேச்சு. அம்மாவின் ஆதார் இருந்தால் போதும் என்பதை வீடு வீடாகப் போய் ஒடியாவில் சொன்னவர் அவர். பால்வாடியை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975இல் தொடங்கியதே ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளையும் அவர்கள் அம்மாக்களையும் மனதில் வைத்துத்தான். எந்த ஊர்ப் பிள்ளை என்பது அதில் கேள்வியே இல்லை.

கம்பெனிக்கு எட்டரைக்குப் போக வேண்டும், நாங்கள் திறப்பதோ அதற்கு மேல். அந்த நேரத்தில் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு அமுச்சிக்கு என்ன சொல்லி நன்றி சொல்ல? திட்டுவார், ஆனால் ஒரு பிள்ளையையும் ரோட்டில் இறங்க விடமாட்டார்.

எங்கள் ஆயாவைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு கிடைக்காது. ஒரு பையன் கலவை சாதத்தைத் தொடவே மாட்டேன் என்றான். ஆயா அவன் அம்மாவைப் பிடித்து விசாரித்தார். வீட்டில் தண்ணீர் ஊற்றிய சோறும் வெங்காயமும்தானாம். "அட, நம்ம பழைய சோறுதானுங்க" என்று வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு வைத்தார். தட்டு காலி. இப்போது தக்காளி சாதத்துக்கு இரண்டாம் முறையும் தட்டை நீட்டுகிறான்.

"வடக்கத்திப் பிள்ளைகளோடு எதுக்கு விடறீங்க" என்று யாரோ கிளப்பியபோது தங்கள் பிள்ளைகளை நிறுத்தாத நம் தெரு அம்மாக்களுக்குத் தனி நன்றி. அன்று நீங்கள் நிறுத்தியிருந்தால் மற்ற எதுவும் நடந்திருக்காது.

பீகார், ஜார்க்கண்ட் பக்கத்துப் பெரிய பண்டிகையான சத் பூஜைக்குத் தன்பாத் ரயில் ஏறும் குடும்பங்கள் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளின் விவரங்களை நாங்கள் பதியும் போஷன் டிராக்கர் செயலியில் பெயரை நீக்காமல் ஊர் மாற்றுவது எப்படி என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்த மேற்பார்வையாளர் மேடத்துக்கும் நன்றி.

பின் லைனில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறதாம். கைக்குழந்தையோடு இன்னொரு பிள்ளையும் இருக்கிறது என்றார்கள். பார்த்தால் அனுப்பிவையுங்கள். தடுப்பூசி அட்டை கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நர்ஸம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பால்வாடி டீச்சர், திருப்பூர்