உன் தட்டில் இருக்கும் கலங்களும் எங்கள் வார்ட்டுப் பிள்ளைகளும்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவுக்குச் சலரோகம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மாமரம் இந்த முறை நன்றாகப் பூத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு விளக்கமாகப் பதில் சொல்ல நினைத்தேன், லைன் விட்டு விட்டு வந்தது. எப்படியும் இது ஆறுதலாக எழுதிச் சொல்ல வேண்டிய விசயம்.

“எலிக்குஞ்சின்ரை கலத்தைப் பார்த்துப் பார்த்தே வயது போகுது அம்மா, இதாலை எந்தப் பிள்ளை எழும்பி நடக்கப் போகுது” என்றாய். கம்பனி வேலை ஒன்று வந்திருக்கிறது, போகட்டோ என்றும் கேட்டாய். போக வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். பெற்ற தாயாக மட்டும் இதைச் சொல்லவில்லை. குறைமாதப் பிள்ளைகளின் வார்ட்டில் வேலை செய்தே பென்சன் எடுத்தவள் நான். நரம்பு நார்களைச் சுற்றி மயலின் என்ற உறையைப் போடும் மூளைக் கலங்களை (செல்களை) நீ ஆய்வுகூடத்துத் தட்டில் வளர்த்து ஆராய்கிறாய். அந்த விசயத்தின் மறுபக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

கருவில் 23ஆம் கிழமையிலிருந்து 32ஆம் கிழமை வரை மூளையின் வெள்ளைப் பகுதியில் உறை போடும் இந்த ஒலிகோடென்ட்ரோசைட் கலங்கள் இன்னும் முழுதாக வளராமல் பாதி வழியில்தான் நிற்கும், அந்தப் பருவத்தில்தான் அவை மிகவும் மென்மையானவை என்று நீ படம் போட்டுக் காட்டினாய். அந்தக் கிழமைகள் எனக்கு நல்ல பழக்கம். 28 கிழமையில் பிறந்த பிள்ளையின் காதை மெல்ல மடித்து விட்டால் மடித்தபடியே கிடக்கும். குருத்தெலும்பு வந்திருக்காது, தானாக நிமிராது. உள்ளங்காலில் ஒரு கோடும் இருக்காது. தோலுக்குள்ளால் இரத்தக் குழாய் தெரியும். நிறை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். எங்கள் கவனம் முழுக்க மூச்சில் இருக்கும். மூச்சை நிறுத்தினால் பாதத்தில் சுண்டி விடுவோம், திரும்ப எடுக்கும். உச்சிக்குழியில் ஸ்கான் வைத்து மூளையையும் டொக்டர்மார் பார்ப்பார்கள். இரத்தக் கசிவோ பெரிய ஓட்டையோ இருந்தால் தெரியும். இந்தக் கலங்களுக்கு வருகிறது என்று நீ சொல்கிற அந்தப் பரவலான சேதம் அதில் பெரும்பாலும் அகப்படாது. ஸ்கான் நல்லது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகள் எத்தனையோ.

அப்புறம் கிளினிக்குக்கு வருவார்கள். ஒரு தாய் வந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது, பல்லுக்கொழுக்கட்டை கொட்டினது என்று எங்களுக்கும் ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தா. “மிசி, இவனுக்குக் கால் நல்ல பலம். பிடிச்சால் விரலிலை நிக்கிறான்” என்று சந்தோசமாகத் தூக்கி நிறுத்திக் காட்டினா. பிள்ளை நுனிவிரலில்தான் நின்றான், இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போயிருந்தன. “நப்கின் மாத்தக் கஷ்டமாய் இருக்கோ” என்று கேட்டேன். ஓம், தொடையை விரிக்க விடுகிறான் இல்லை என்றா. கை நன்றாக வேலை செய்தது, கொழுக்கட்டையை எட்டிப் பிடித்தான். காலுக்குப் போகும் நரம்பு நார்கள் மூளைக்குள் இருக்கும் நீர்க்குழிக்குக் கிட்டவாகப் போகின்றன. குறைமாதத்தில் இரத்தமும் ஒட்சிசனும் குறையும்போது அடிபடுவது முதலில் அந்த இடம்தான். கை தப்ப, கால் இறுகிப்போவது அதனால். பாங்கர், லாரோஷ் என்ற ஆய்வாளர்கள் 1962இலேயே இந்தச் சேதத்தை வடிவாக விவரித்துவிட்டார்கள் என்று நீ தந்த கட்டுரையில் வாசித்தேன்.

இப்போது உன் பக்கத்துக்கு வருகிறேன். இந்தக் கலங்கள் செத்துப்போவதால்தான் மயலின் வருவதில்லை என்றுதான் நாங்கள் படித்தோம். நீ சொன்னது வேறு. சாவது ஒரு பங்கு. அதற்குப் பிறகு, இவையாக முதிர வேண்டிய முன்னோடிக் கலங்கள் பெருகிப் புதிதாக வருகின்றன, போதுமான அளவுக்கே வருகின்றன. ஆனால் நாரைச் சுற்றத் தொடங்கும் கட்டத்துக்கு வராமல் இடையில் நின்றுவிடுகின்றன. காயப்பட்ட இடத்தில் சேரும் ஹயலூரோனான் போன்ற பொருட்கள் அவற்றை மறித்து வைக்கின்றன. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, சந்தோசத்தில். செத்த கலத்தை யாராலும் எழுப்ப முடியாது. நிற்கிற கலத்துக்கு ஏதாவது செய்யலாம். அந்தப் பிள்ளையின் தலைக்குள்ளும் அவை நின்றுகொண்டுதான் இருந்திருக்கும். நீ செய்கிற வேலைக்கும் பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்று இனி என்னிடம் கேட்காதே.

உன் கலத்தின் வரலாறே பொறுமையான வரலாறு. ஸ்பெயினில் டெல் ரியோ ஒர்டேகா வெள்ளிக் கரைசலில் புதுச் சாயமுறை ஒன்று கண்டுபிடித்து 1921இல் இந்தக் கலத்தைப் பிரித்துக் காட்டினார். நரம்புக் கலங்களை ஆராய்ந்தவர்களில் கஹால் எவ்வளவு பெரிய மனிதர், அவரே இதை ஏற்கத் தயங்கினார். மயலினைச் செய்வது இந்தக் கலம்தான் என்று ஒர்டேகா அப்போதே சொன்னார். உள்நாட்டுப் போரில் நாட்டை விட்டுப் போய், 1945இல் புவெனஸ் அயர்ஸில் இறந்தார். ஊரை விட்டுப் போனவர்களின் கதை என்றால் எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும். ரிச்சர்ட் பங்கியும் மேரி பங்கியும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அந்தக் கலத்தின் கை மயலினோடு தொடுத்திருப்பதைக் காட்டியது 1961, 62இல். ஒர்டேகா சொன்னது உறுதிப்பட 40 வருசம். 1983இல் மார்ட்டின் ராஃபின் குழு எலியின் பார்வை நரம்பிலிருந்து முன்னோடிக் கலத்தைப் பிரித்தெடுத்தது. நீ இன்று தட்டில் வளர்ப்பது அந்த வழியில் வந்ததுதான்.

ஒரு கலம் பல கைகளை நீட்டி 40, 50 நார்த்துண்டுகளைக்கூடச் சுற்றுகிறது என்பதே பெரிய அதிசயம். நீ காட்டியதில் எனக்கு இன்னும் பிடித்தது, புதுச் சுற்று எங்கே வளர்கிறது என்பது. பாய் சுருட்டினால் புதுச் சுற்று வெளியில்தானே வரும். இங்கே நாரோடு ஒட்டிய உள்விளிம்பு முன்னேறிப் போக, பழைய சுற்றுகள் வெளியே தள்ளப்படுகின்றன. உறையில்லாத மெல்லிய நாரில் செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில் போகிற செய்தி, நன்றாக உறை போட்ட தடித்த நாரில் 100 மீற்றர் போகிறது. பிள்ளை முதலில் கழுத்தை நிமிர்த்தி, பிறகு பிரண்டு, இருந்து, ஒரு வயதில் அடியெடுத்து வைக்கிறதே, மேலிருந்து கீழே வரும் அந்த ஒழுங்குக்கும் இந்த உறை போடும் வேலைக்கும் உள்ள உறவை இவ்வளவு வருசம் பிள்ளைகளைத் தூக்கிய நானே உன்னிடம்தான் கேட்டு அறிந்தேன்.

கடைசியில் தட்டில் தைரொயிட் ஓமோன் விட்டால் கலம் முதிரத் தொடங்கும் என்றாய். இங்கே பிறந்த பிள்ளையின் குதிக்காலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைரொயிட் குறைவா என்று பார்க்கிறார்கள். தாய்மார் பிள்ளை அழுகிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தச் சொட்டுக்கும் உன் தட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று நீயே சொல்லு.

சரி, உனக்கு இன்னொரு மனிதரின் கதையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மகப்பேற்று வைத்தியர் பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று செம்மறி ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவில் இருக்கும் குட்டிக்கு ஸ்டீராய்ட் கொடுத்தார். அப்படி நேரத்துக்கு முன் பிறந்த ஒரு குட்டி, நுரையீரல் விரியாமல் செத்திருக்க வேண்டியது, மூச்செடுத்துக்கொண்டிருந்தது. அவர் தேடியது ஒன்று, கண்டது இன்னொன்று. 1969இல் அதை எழுதினார். ஹோவி என்ற குழந்தை வைத்தியரோடு சேர்ந்து தாய்மாருக்கு அந்த ஊசியைப் போட்டுப் பார்த்த முடிவு 1972இல் வந்தது. பிள்ளைகள் தப்பினார்கள். அமெரிக்காவில் நிபுணர்கள் கூடி, இதைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று சொன்னது 1994இல். இடையில் 22 வருசம்.

அந்த வருசங்களில் இங்கே எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும், நீ சின்னப்பிள்ளை. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எண்ணெய்க்குத் தடை. ஜெனரேட்டரை அளந்துதான் ஓட்டலாம். இன்குபேட்டரை நம்ப முடியாது. பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துச் சீலையால் கட்டிவிடுவோம். கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து வைத்தியர்களும் இன்குபேட்டர் போதாமல்தான் 1970களின் கடைசியில் இதையே முறையாகத் தொடங்கினார்கள் என்று பிறகுதான் வாசித்தேன். வலி முந்தி வந்த தாய்க்கு அந்தச் சின்னக் குப்பி ஸ்டீராய்ட் மருந்தை ஏற்ற மின்சாரம் தேவையில்லை, சத்தமில்லாமல் வேலை செய்தது. அரிக்கன்லாம்பு வெளிச்சத்தில் ஊசி ஏற்றும்போது நியூசிலாந்து ஆட்டுக்குட்டியை யார் நினைத்தார்கள்?

பிறகு மக்னீசியம் சல்பேட் வந்தது. வலிப்பு வரும் கர்ப்பிணிகளுக்கு என்று எங்கள் அலுமாரியில் எப்போதும் இருந்த மலிவு மருந்து. குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு அதைக் கொடுத்தால் பிள்ளைக்குப் பெருமூளை வாதம் (அந்தப் பிள்ளையின் கால் போல இறுகிப்போகும் நோய்) வரும் வாய்ப்புக் குறைகிறது என்று 2008இல் பெரிய பரிசோதனை ஒன்று காட்டியது. குறைகிறது, இல்லாமல் போகவில்லை. எங்கள் காலத்து வைத்தியம் உயிரைக் காப்பாற்றப் பழகிவிட்டது. முன்பு தப்பாத பிள்ளைகள் இப்போது தப்புகிறார்கள், அதில் சிலர் இறுகிய காலோடு தப்புகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் மிச்சம் வைத்த வேலை உன் மேசையில் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு நீ போனால் வேறு யாராவது வருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் கலம் ஏன் நிற்கிறது என்று இத்தனை வருசம் பார்த்துப் பழகிய கண் அவர்களுக்கு வர இன்னும் எத்தனை வருசம் போகும்?

லண்டனில் ரிச்சர்ட்சன் குழு 2014இல் செய்ததை நீ அனுப்பியிருந்தாய், கம்பிகள் ஒழுங்கில்லாமல் வைத்த சில்லில் சுண்டெலியை ஓடவிட்டது. புது ஒலிகோடென்ட்ரோசைட் செய்ய முடியாத எலிகள் அந்த ஓட்டத்தைச் சரியாகப் பழகவில்லை. எலியில் கண்டதை அப்படியே பிள்ளைக்குச் சொல்லக்கூடாது என்று நீ எச்சரித்ததும் நினைவில் இருக்கிறது, அது சரியான எச்சரிக்கை. ஆனாலும் வெயிலில் பஸ் ஏறி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பிசியோவுக்கு வருகிற தாய்மாரை எனக்குத் தெரியும். ஒரு மாதம் வந்து மாற்றம் தெரியாவிட்டால் நின்றுவிடுகிறார்கள். மூளை இந்த வயதில் இன்னும் உறை போட்டுக்கொண்டிருக்கிறது, முதல் இரண்டு வருசம் முக்கியம் என்பதை யாராவது அவர்களுக்கு விளங்கச் சொன்னால் இன்னும் கொஞ்சக் காலம் வருவார்கள் என்று நினைக்கிறேன்.

அதை நீ சொல்ல வேண்டும். மானிப்பாயில் அமெரிக்க மிசன் டொக்டர் கிறீன் 1860களிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த ஊர் இது, நீ தமிழில் சொல்ல ஒரு தடையும் இல்லை. தைப்பொங்கலுக்கு வருகிறாய்தானே. அந்தக் கிழமை கிளினிக் நாளில் ஒரு அரை மணித்தியாலம் கதைக்க ஒழுங்கு செய்யலாம், பிசியோப் பிள்ளையிடம் கேட்டுவிட்டேன், அவவுக்கும் விருப்பம். அந்தக் கலம் கையை நீட்டும் வீடியோவைப் போனில் போட்டுக் கொண்டு வா. கம்பனிக்காரருக்கு என்ன பதில் எழுதினாய் என்றும், டிக்கெட் போட்ட திகதியையும் அறிவி.

அன்புடன்,
அம்மா