ஓட்டை டப்பாவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

நண்பர்களே, உறவுகளே, ஆறு வாரமாக என் தொல்லையைத் தாங்கியவர்களுக்குத்தான் இந்த மடல். லென்ஸ் இல்லாமல், டப்பாவில் போட்ட சின்னத் துளை வழியாக உள்ளே வைத்த ஃபோட்டோ பேப்பரில் ஒளியை விழவைக்கும் ஊசித்துளை கேமராவில் ஒருவழியாகப் படம் விழுந்துவிட்டது.

பிஸ்கட் டப்பா தந்த அத்தைக்கு முதல் நன்றி. உள்ளே முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்தாயிற்று, அதனால் திருப்பிக் கேட்காதீர்கள்.

துளை போடக் கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது? ஆணியால் ஒரே குத்தில் நான் போட்ட துளையை ஸ்கேனரில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டினார், கிழிந்த காது மாதிரி இருந்தது. குளிர்பான கேன் தகட்டில் ஊசியை லேசாக அழுத்தி, பின்பக்கம் புடைப்பதை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அழுத்தி, மறுபடி தேய்த்து, பொறுமையே போய்விட்டது, ஆனால் துளை வட்டமாக வந்தது. தாளுக்கும் துளைக்கும் 100 மி.மீ. இடைவெளி என்றால் 0.4 மி.மீ. துளை போதும். இன்னும் சிறிதாக்கினால் இன்னும் துல்லியமாக விழும் என்று நான் அடம்பிடித்தபோது, ஒளி துளையின் விளிம்பில் விலகிப் பரவிப் படம் மங்கிவிடும் என்று புரியவைத்தவரும் அவர்தான்.

அப்புறம் இருட்டறையைத் திறந்துவிட்ட ஐயா. நாலு தாள் வரிசையாக ஒரே ஓரத்தில் கறுத்து வந்தன, நான் தாளில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசலான டெவலப்பரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துளையை டேப்பால் மூடி, கைபேசி டார்ச்சை டப்பாவுக்குள் போட்டு மூடி, விளக்கை அணைத்தார். மூடியின் மடிப்பில் மெல்லிய கோடாக வெளிச்சம் கசிந்தது! கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றியதோடு அந்தத் தலைவலி தீர்ந்தது.

ஃபோட்டோ பேப்பருக்கு ஒளியைப் பதிக்கும் வேகம் ரொம்பக் குறைவு, துளையோ எஃப் 250, அதாவது தாளுக்குள்ள தூரத்தில் 250-ல் ஒரு பங்கு அகலம்தான், அதனால் நல்ல வெயிலிலும் ஒரு நிமிடம் திறந்து வைத்தேன். அந்த ஒரு நிமிடமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்த தோழிக்குத் தனி நன்றி. குறுக்கே ஓடிய தன் மகன் படத்தைக் கெடுத்துவிட்டான் என்று அவள் பயந்தாள், நெகட்டிவில் அவன் சுவடுகூட இல்லை. அவனுக்குத்தான் இன்னும் கோபம்.

சரி, அடுத்த உதவி. ஃபோட்டோ பேப்பரை டெவலப் செய்யாமலே மாதக்கணக்கில் டப்பாவில் விட்டால் சூரியன் போகும் பாதை கோடுகோடாகப் பதியுமாம். ஆறு மாதம் யாரும் தொடாத இடம் யார் வீட்டு மாடியில் இருக்கிறது?