பாலக்காட்டுக் கணவாயை வாளையாற்றோடு நிறுத்தாதீர்கள்

பள்ளிச் சமூக அறிவியல் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். புவியியல் கற்பிப்பவர்களாகிய நாங்கள் கேட்பது ஒன்றுதான். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தனிப் பாடம் வேண்டும். அதன் வரைபடம் தமிழ்நாடு–கேரள எல்லையான வாளையாற்றில் நின்றுவிடக் கூடாது. அங்கே வெட்டினால் பாதிக் கணவாய்தான் மிஞ்சும். வழி எங்கிருந்து எங்கே போகிறது என்பதே தெரியாத பிள்ளைக்கு அதன் வரலாறு எப்படிப் புரியும்?

தபதி முதல் குமரி வரை சுமார் 1,600 கி.மீ. நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு அகலமான திறப்பு வேறில்லை. வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இடையே சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் தாழ்ந்த நிலம். பொதிமாடும் வண்டியும் மலையேறாமலே கடலோரத்துக்குப் போகலாம். மேற்கே கேரளக் கரையில் பழைய முசிறித் துறைமுகம், கிழக்கே கரூர், நடுவே நொய்யல் கரையில் கொடுமணல். கொடுமணலில் மணி செய்த பட்டறைகளும் இரும்பு உலைகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பச்சைக்கல் விளைந்த படியூரும் தொலைவில் இல்லை. கோவையை அடுத்த வெள்ளலூரிலும் கரூரிலும் ரோமானியக் காசுகள் கிடைத்ததற்குக் காரணம் இந்த வழிதான். ஹைதர் அலி 1766இல் பாலக்காட்டில் கோட்டை கட்டியதும் இதைக் காக்கவே.

ரயிலும் அதே தடத்தில் வந்தது. சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூருக்கு 1862இலேயே பாதை முடிந்துவிட்டது. பக்கத்திலேயே நீலகிரி மலைமேல் உள்ள குன்னூருக்கு 1899 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் சரிவில், பல்சக்கரத்தின் துணையோடு. இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள்.

செய்முறையும் சேர்க்க வேண்டும். 1:2,50,000 அளவைத் தலப்படத்தில் (நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் வரைபடம்; 1 செ.மீ.க்கு 2.5 கி.மீ.) தொட்டபெட்டாவிலிருந்து ஆனைமுடிக்குக் கோடு போட்டால் சுமார் 140 கி.மீ., தாளில் 56 செ.மீ. வரும். ஒரு காகிதப் பட்டையைக் கோட்டின்மேல் வைத்து, சம உயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) வெட்டும் இடங்களை உயரத்தோடு குறித்து, வரைகட்டத் தாளுக்கு மாற்றிக் குறுக்குவெட்டு வரையட்டும். உயரத்துக்கும் அதே அளவை என்றால் தொட்டபெட்டா ஒரு செ.மீ. அளவே எழும், கணவாய் கண்ணுக்கே தெரியாது. எனவே 1 செ.மீ.க்கு 250 மீட்டர் என்று வையுங்கள், மலை பத்தரை செ.மீ. நிற்கும். ஆனால் இது உயரத்தைப் பத்து மடங்கு மிகைப்படுத்தியது என்று படத்தின் கீழே எழுதாவிட்டால், நீலகிரி செங்குத்துச் சுவர் என்றே பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். அடிக்கடி நேரும் பிழை இது. பிறகு மேற்சொன்ன ஊர்களையும் ரயில் பாதையையும் ஒளி ஊடுருவும் தாளில் குறித்துத் தலப்படத்தின்மேல் வைத்துப் பார்க்கட்டும்.

இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. வழி இருந்ததால் ஊர் வந்தது என்று பாடத்தை முடித்துவிடுவது. தென்மேற்குப் பருவக் காற்று கணவாயில் வேகமாக நுழைகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆனால் மலை தடுத்து மேலே ஏற்றாத காற்று குளிர்வதில்லை, மழையும் அதிகம் தருவதில்லை. கோவைச் சமவெளிக்கு ஆண்டுக்கு 600 முதல் 700 மி.மீ. மழைதான், அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். நொய்யலில் அணைக்கட்டுகளைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, வெள்ளநீரைக் குளம் குளமாக நிரப்பியதால்தான் இங்கே மக்கள் நிலைத்து வாழ முடிந்தது. வரைபடத்தில் அந்தக் குளங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஆறும் பட்டணமும் மட்டும் போதாது.

பயிற்சிக்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். தலப்படத்தைப் புத்தகப் பக்கத்துக்குள் சுருக்க வேண்டாம், சம உயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி எண்கள் மறைந்துபோகும். மடித்து வைக்கும் தனித் தாளாகவே கொடுங்கள்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள்