ஹைப்ரிட் ஓனர்களுக்கு, குன்னூரிலிருந்து ஒரு மடல்

சீசனுக்கு மலை ஏறி வரும் சொகுசு ஹைப்ரிட் கார் ஓனர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் குன்னூரில் ஆக்டிங் டிரைவர். இருபத்தைந்து வருஷமாக இதுதான் பிழைப்பு. ஏறும்போது தைரியமாக ஓட்டி வந்தவருக்கு இறங்கும் நாளில் கை நடுங்கினாலோ, ராத்திரி விருந்தில் கொஞ்சம் அதிகமாகிவிட்டாலோ எனக்கு போன் வரும். மேட்டுப்பாளையத்தில் வண்டியை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறித் திரும்பிவிடுவேன். முன்பெல்லாம் சாவியை வாங்கினால் டீசல் வண்டியாக இருக்கும். இப்போது லெக்ஸஸ், வெல்ஃபயர் என்று, பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வருகிறது. சாவி போட்டால் சத்தமே இருக்காது. ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று முதல் நாள் நானே ஓனரிடம் கேட்டிருக்கிறேன்.

பின்சீட்டுப் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். ஆனால் காது திறந்துதானே இருக்கிறது. இரண்டு பேச்சு அடிக்கடி வரும். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், எங்கள் பெரிய ஹைப்ரிட்டுக்கு மட்டும் 40 சதவீதமா என்பது ஒன்று. புகையே விடாத வண்டிக்கு எதற்கு இ-பாஸ் (நீலகிரிக்கு வண்டியில் வர எடுக்க வேண்டிய அனுமதி) என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்ல வாய் வரை வந்து, முழுங்கிவிட்டு ஓட்டியிருக்கிறேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் வண்டியின் நல்லதைச் சொல்கிறேன். மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டி சேரிங்கிராஸில் மாட்டினால் தாவரவியல் பூங்கா போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகும். நின்று நின்று நகரும் அந்த இடத்தில் உங்கள் இன்ஜின் அணைந்து, பேட்டரியில் ஊர்ந்து போகும். பக்கத்தில் பழைய டீசல் வேன் கரும்புகை கக்கிக்கொண்டு நிற்கும். நாள் முழுக்க அங்கே நிற்கிற போக்குவரத்துக் காவலருக்கும், வண்டி ஜன்னலில் கேரட் விற்கிற அம்மாவுக்கும் உங்கள் வண்டி வரம்தான். இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. டொயோட்டா 1997-இல் பிரியஸை இறக்கியதும் இந்த மாதிரி நின்று நகரும் நகரத் தெருவை மனதில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன்.

மலைப்பாதை வேறு கதை.

ஏறும்போது பேட்டரி கைகொடுப்பது கொஞ்ச தூரம்தான். கல்லாறு தாண்டி சில வளைவுகளில் அது இறங்கிவிடும். பிறகு குன்னூர் வரை பெட்ரோல் இன்ஜின்தான் இழுக்க வேண்டும், பேட்டரி, மோட்டார் எடையையும் சேர்த்து. சரி, இறங்கும்போது அத்தனையும் திரும்பக் கிடைக்குமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு கோவைக்காரர். கல்யாணத்துக்கு வந்துவிட்டுக் குடும்பத்தோடு இறங்குகிறார். பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து, முன்னால் திரையில் பேட்டரி படம் ஏறுவதைக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டே வந்தார். "பாரு கண்ணு, சும்மாவே கரண்ட் வருது." மேலிருந்து நாலாவது கொண்டை ஊசி வளைவில் அது நிரம்பிவிட்டது. நான் லிவரை 'பி'யில், அதாவது இறக்கத்தில் இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிக்கிற நிலையில், தள்ளியிருந்தேன். இன்ஜின் ஓங்காரமாகக் கத்த ஆரம்பித்தது. "என்னங்க தம்பி, எதுக்கு இந்த முறுக்கு முறுக்கறீங்க? ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க!" காலை எடுத்துத்தான் வைத்திருக்கிறேன் சார், இடமில்லாத கரண்டை இன்ஜினைச் சுற்றவைத்துச் செலவு பண்ணுகிறது, பெட்ரோல் போகாது என்றேன். நம்பவில்லை. சாதாரணமாக ஓட்டுகிற 'டி'யில் போடச் சொன்னார். முதலாளி சொன்னால் போட வேண்டியதுதானே, போட்டேன். அங்கிருந்து முழுக்க மிதி பிரேக். பர்லியாரில் டீக்கு நிறுத்தியபோது முன்சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. கருகிய வாடைக்குக் குரங்குகூட விலகி உட்கார்ந்தது. குழந்தை மட்டும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அன்றிரவு மகளைக் கணக்குப் போடச் சொன்னேன். பிளஸ் டூ படிக்கிறாள். ஆட்களோடும் பெட்டிகளோடும் வண்டி இரண்டு டன். குன்னூரிலிருந்து கல்லாறு வரை இறக்கம் ஏறக்குறைய 1,300 மீட்டர். அந்தச் சரிவில் ஏழு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறதாம். டயரிலும் காற்றிலும் இன்ன பிறவற்றிலும் போக நாலைந்து யூனிட் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். ப்ளக் குத்தாத சொகுசு ஹைப்ரிட்டில் பேட்டரி மொத்தமே ஒன்றரை யூனிட் அளவுதான். ஆயுளுக்காக அதையும் முழுக்கக் காலியாகவோ முழுக்க நிரம்பவோ விடமாட்டார்கள். ஒரு யூனிட்டுக்குக்கூட இடமில்லை. குடத்தைக் கொண்டுபோய்க் காட்டேரி அருவியைப் பிடிக்கிற கதை.

ஆகவே வரிக்கு வருகிறேன். மைல்ட் ஹைப்ரிட் என்று ஒரு சாதி இருக்கிறது. 48 வோல்ட் மோட்டார் ஒன்று இன்ஜினுக்கு லேசாகத் தோள் கொடுக்கும், தானாகச் சக்கரத்தை உருட்டிப் போகாது. அதன் பின்னாலும் அதே 'ஹைப்ரிட்' எழுத்துதான். அதற்குச் சலுகை கேட்பது கொஞ்சம் அதிகம். தினமும் ப்ளக் குத்தி, பெட்ரோல் பங்க் பக்கமே போகாமல் ஓட்டுகிற ப்ளக்-இன் ஓனர் கேட்டால் நியாயம் உண்டு. ஆனால் சார்ஜிங் கேபிள் உறை பிரிக்காமலே டிக்கியில் கிடக்கிற வண்டியையும் நான் ஓட்டியிருக்கிறேன்.

ப்ளக்-இன்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பி.எம்.டபிள்யூ. எக்ஸ்.எம். போன்ற வண்டியில் 25 யூனிட்டுக்கு மேல் பேட்டரி. அதில் இறக்கத்துச் சக்தி முழுக்க அடங்கும். ஆனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ரிசார்ட்டில் நூறு சதவீதம் ஏற்றிவிடுகிறீர்கள். காலையில் முதல் வளைவிலேயே இடமில்லை. வண்டியோ 2,700 கிலோ, பாரமெல்லாம் பிரேக்கின் தலையில். சார்ஜைக் கீழேயே போடுங்கள். மேலே வரும்போது தீர்த்துவிடுங்கள். கால்வாசியோடு இறங்கினால், கல்லாறு போய்ச் சேரும்போது மலையே உங்களுக்குக் கரண்ட் கொடுத்திருக்கும். 1932-லிருந்து பைக்காரா தண்ணீரை இறக்கிவிட்டு மின்சாரம் எடுக்கிறார்களே, அதே வித்தைதான்.

இறக்கம் விளையாட்டில்லை என்பது இந்த மலையில் பழைய பாடம். மலை ரயிலைப் பாருங்கள். 1899-லிருந்து பல் சக்கரம் பிடித்துக் குன்னூர் ஏறி இறங்குகிறது. இன்றும் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார்.

இ-பாஸ் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து அது நடக்கிறது. 2025 சீசனில் வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அதில் எண்ணியது வண்டியை. ஐந்து மீட்டர் நீள வெல்ஃபயர் வளைவில் திரும்பும்போது எதிரே வருகிற அரசு பஸ் நின்றாக வேண்டும். வெல்ஃபயருக்குள் எது ஓடுகிறது என்று பஸ்ஸுக்குத் தெரியாது. எங்கள் நீலகிரிப் பதிவு டி.என். 43 வண்டிகளுக்கு மட்டும் விலக்கா என்று கேட்பீர்கள். நாங்கள் பால் வாங்கப் போவதற்கும் பாஸ் போட முடியாதல்லவா.

அப்புறம் அந்தச் சத்தமில்லாமை. பலாப்பழ சீசனில் பர்லியார் பக்கம் யானை சாலைக்கு வரும். டீசல் வண்டி வருவது அதற்குத் தூரத்திலேயே கேட்கும். பேட்டரியில் உருண்டு வருகிற உங்கள் வண்டி வளைவு திரும்பித் திடீரென்று முன்னால் நிற்கும். தோட்டத்து வேலை முடிந்து ஓரமாக நடந்து வருகிற பெண்களுக்கும் இதே கதி. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஒரு சின்ன ஹாரன் போதும், நீளமாக அடிக்க வேண்டாம்.

சீசனில் ஒருவழிப் பாதை போட்டால் இறக்கம் கோத்தகிரி வழி. அங்கேயும் இதே 'பி', இதே சத்தம். பின்சீட்டிலிருந்து கத்தாமல் இருந்தால் போதும். குன்னூர் வழியாக இறங்குகிற நாளில் என்னைக் கூப்பிட்டால் பர்லியாரில் நிறுத்துகிறேன். கருகல் வாடை வராவிட்டால் டீ என் செலவு.

இப்படிக்கு,
குன்னூர் ஸ்டாண்டு ஆக்டிங் டிரைவர் ஒருவன்