ஆண்டறிக்கை 2023–24: ஹாங்சோவும் நம் அளவு டேப்பும்

தலைவருக்கும் பொருளாளருக்கும், ஓடி முடித்து வியர்வை காய்வதற்குள் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. தீர்மானங்கள் மினிட் நோட்டில் இருக்கின்றன. மைதானத் தண்ணீர்க் குழாய்க்குக் கொடுத்த மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. சரி, பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபர் முதல் வாரம் சங்க அறையில் டிவி வைத்து, சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியைச் சேர்ந்து பார்த்தோம். தடகளத்தில் மட்டும் இந்தியாவுக்கு 29 பதக்கங்கள், அதில் 6 தங்கம். 5000 மீட்டரில் பாருல் சவுத்ரி கடைசி முப்பது மீட்டர் அளவில் ஜப்பான் பெண்ணைப் பிடித்துத் தாண்டியபோது, நம் மூத்த உறுப்பினர் ஒருவர் டீ கிளாஸோடு எழுந்து நின்றுவிட்டார். கறை இன்னும் பாயில் இருக்கிறது.

எனக்கு அதையெல்லாம் விடப் பெரியது, பதக்கம் இல்லாத ஓர் ஓட்டம். 400 மீட்டர் ஹர்டில்ஸ், அதாவது தடை தாண்டும் ஓட்டத்தின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் 55.42 விநாடி ஓடினார். 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய அதே நேரம், புள்ளி பிசகாமல். அந்த ஓட்டத்தில்தான் உஷா விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டார். மறுநாள் ஃபைனலில் வித்யா 55.68, வெண்கலம். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய நால்வரில் வித்யா, சுபா வெங்கடேசன், ராஜேஷ் ரமேஷ் மூவரும் நம் மாநிலத்தவர். அதில் இந்தியா மூன்றாவதாகத்தான் வந்தது. இலங்கை அணி தகுதி நீக்கம் ஆனதால் வெள்ளி கிடைத்தது. அப்புறம் ராஜேஷ் ஆண்கள் தொடர் ஓட்டத்தில் தங்கமும் வாங்கினார். மும்முறை தாண்டுதலில் பிரவீன் சித்ரவேல் 16.68 மீட்டர், வெண்கலம்.

போட்டி நடத்தும் சங்கம் என்ற முறையில் நாம் இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும். நீரஜ் சோப்ராவின் முதல் ஈட்டியை அதிகாரிகள் அளக்கவே இல்லை. மறுபடி எறியச் சொன்னார்கள். நம் இன்னோர் ஈட்டி வீரர் கிஷோர் ஜேனாவின் நல்ல எறிதலுக்கு ஃபவுல் என்று சிவப்புக் கொடி காட்டி, பிறகு திருத்திக்கொண்டார்கள். 100 மீட்டர் ஹர்டில்ஸில் பக்கத்து லேன்காரர் துப்பாக்கிச் சத்தத்துக்கு முந்தி அசைந்ததற்கு ஜோதி யர்ராஜியையும் வெளியே போகச் சொன்னார்கள். அவர் நகரவில்லை, வாதாடி ஓடினார், கடைசியில் வெள்ளி அவருக்கே வந்தது. பார்த்துக்கொண்டிருந்த நாம் எல்லோரும் அதிகாரிகளைத் திட்டினோம்.

ஜனவரியில் நம் சிறுவர் போட்டியில் நடந்தது நினைவிருக்கும். நீளம் தாண்டுதலில் ஒரு பெண் மூன்றாவது முறை தாண்டியது, அந்த மதியத்தின் நல்ல தாண்டுதல். டேப் வைப்பதற்குள் நம் தொண்டர் பையன் மணலை வாரிச் சமன் செய்துவிட்டான். மறுபடி தாண்டச் சொன்னோம். கால் அசந்திருந்தது, குழிக்குள் முன்னாடியே விழுந்தாள். நான்காம் இடம். அவள் அப்பா ஒன்றும் கேட்கவில்லை, துண்டை உதறி அவள் முதுகு மணலைத் தட்டிவிட்டுக் கூட்டிப் போனார். நீரஜுக்குக் கையில் இன்னும் ஐந்து எறிதல் இருந்தது, 88.88 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். நாம் கொடுப்பது மூன்றே வாய்ப்பு. பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, குழிக்கு ஆள் போடாதது நான்தான். இப்போது அளவைக் குறிப்பவர் அதை உரக்கச் சொன்ன பிறகுதான் மணல் வாரும் வாரியைத் தொடலாம் என்று வைத்திருக்கிறோம்.

வித்யாவைப் பார்த்த பிறகு ஹர்டில்ஸ் கற்றுத் தரச் சொல்லி ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் வருகிறார்கள். பெண்கள் 400 மீட்டருக்குப் பத்துத் தடை வேண்டும்: முதலாவது 45 மீட்டரில், பிறகு 35 மீட்டருக்கு ஒன்று, உயரம் 76.2 செ.மீ. நம்மிடம் இருப்பவை நான்கு. மீதி ஆறுக்கு பிவிசி பைப்பை நட்டு ஓட்டுகிறோம். இடறினால் முழங்காலைப் பதம் பார்க்கிறது.

ஆறு ஹர்டிலும் ஒரு ஸ்டீல் டேப்பும் வாங்க இந்தப் பொதுக்குழு அனுமதி தர வேண்டும். விலைப்பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. கணக்கோடு சேர்த்து வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்