கவிழாத படம்

அன்புள்ள மைதிலி,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. மன்னித்துவிடு. அம்மா இப்போது மாடிப்படி ஏறுகிறார். தம்பிக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். நேற்று இரவு ‘மாஸ் எஃபெக்ட்’ விண்வெளி வீடியோ கேமின் மூன்று பாகங்களையும் மறுபடி ஆடி முடித்தேன். இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த முறையும் நான் ஆடிய ஷெப்பர்டுக்குக் காதலர் கெய்டன்தான். “அந்தத் தலைவலிக்காரரை விடவே மாட்டாயா?” என்று நீ கேட்பது காதில் விழுகிறது. மாட்டேன். இரண்டாம் பாகத்தில் ஹொரைசன் கிரகத்தில் அவர் கோபித்துக்கொண்டு திரும்பி நடந்தபோது இம்முறையும் எனக்குத் தொண்டை அடைத்தது. நான் செத்துவிட்டதாக இரண்டு வருடம் நம்பியிருந்தவர், பாவம், வேறு என்ன செய்வார்? ஆனால் கப்பலில் என் மேஜை மேல் அவர் படம் கடைசிவரை நிமிர்ந்தே நின்றது. நீ தேய்னைக் காதலிக்கப் போனபோது உன் மேஜையில் அது கவிழ்ந்து கிடந்ததும், தொட்டியில் மீன்கள் செத்து மிதந்ததும் எனக்கு மறக்கவில்லை, தெரிந்துகொள்.

தேய்னைப் பற்றி மட்டும் உன்னைக் கேலி செய்ய மாட்டேன். மருத்துவமனையில் தேய்னின் மகன் கோலியாட் படித்த பிரார்த்தனை தன் தந்தைக்காக அல்ல, உன் ஷெப்பர்டுக்காக என்று தெரிந்த அன்று, நீ போனில் வெகுநேரம் பேசாமலே இருந்தாய். தேய்ன் இறந்தார், சரி. ஆனால் உன் காதலை நினைவில் வைத்து ஒருவர் உட்கார்ந்து அந்தக் காட்சியை எழுதியிருந்தார். இரண்டாம் பாகத்தில் ஜேக்கபைக் காதலித்து நம்பியவர்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் பாகத்தில் போய்ப் பார்த்தால் அவர் வேறொருத்தியோடு இருக்கிறார். அவள் கர்ப்பமாகவும் இருக்கிறாள்!

என் பயம் அடுத்த பாகத்தைப் பற்றியது. 2020 டிசம்பரில் வந்த முன்னோட்டம் நினைவிருக்கிறதா? பனியில் கிடந்த கவசத் துண்டைத் துடைத்துப் பார்த்து, ஷெப்பர்ட் காதலிக்கக்கூடிய வேற்றுக்கிரகப் பெண் லியாரா புன்னகைப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் அவள் இனத்தார் ஆயிரம் ஆண்டு வாழ்பவர்கள். கதை ஒரு இருநூறு ஆண்டு தாவினால் காதலர்களில் கெய்டன் இல்லை, காரஸ் இல்லை, டாலி இல்லை. மிஞ்சுபவள் அவள் ஒருத்தி. பிறகு ஷெப்பர்டின் காதல் என்றாலே லியாராதான் என்று ஆகிவிடாதா?

வீண் பயம் என்று சொல்லிவிடாதே. இதே ஆட்டத்தைச் செய்யும் பயோவேர் நிறுவனம் 2024-இல் தன் இன்னொரு தொடரில் ‘டிராகன் ஏஜ்: தி வேல்கார்டு’ வெளியிட்டபோது பழைய ஆட்டங்களிலிருந்து நாம் எடுத்த மூன்றே மூன்று முடிவுகளைத்தான் கேட்டார்கள். மூன்றும் 2014-இல் வந்த ஆட்டத்தைச் சேர்ந்தவை. அதில் சோலாஸைக் காதலித்தவர்களுக்காவது பத்தாண்டுக் காத்திருப்புக்கு ஒரு பதில் கிடைத்தது. மாரிகன் நேரில் வந்து நிற்கிறாள். 2009-இல் வந்த முதல் ஆட்டத்தில் அவளோடு காதல் வளர்த்தாயா என்று ஒரு கேள்வி இல்லை. காரணம் எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு காதலுக்கும் தனி வசனம் எழுத வேண்டும், ஆண் ஷெப்பர்டுக்கும் பெண் ஷெப்பர்டுக்கும் தனித்தனியாகக் குரல் பதிய வேண்டும். செலவு பெரிதுதான். ஆனால் மூன்று பாகங்களாகப் படத்தைக் கவிழ்க்காமல் காத்தவர்களுக்கு ஒரு கடிதம், ஒரு வரி, மேஜை மேல் அதே படம், இவ்வளவாவது வைக்கக் கூடாதா?

நேற்றுப் படைபலம் முழுவதையும் திரட்டி, எதிரி இயந்திரங்களை அழிக்கும் சிவப்பு முடிவையே எடுத்தேன். இறந்தவர்களின் பெயர் மாட்டும் நினைவுச் சுவருக்கு முன்னால் கெய்டன் என் பெயர்ப் பலகையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். மாட்டவில்லை. நிமிர்ந்து பார்க்கிறார். அடுத்து இடிபாடுகளுக்கு நடுவே ஷெப்பர்டின் ஒரே ஒரு மூச்சு. 2012-இலிருந்து அவரை அங்கேயே நிற்க வைத்திருக்கிறார்கள், மைதிலி.

இன்னொன்று. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் என் பழைய கணினியைத் துடைத்துவிட்டார்களே, அதற்கு முன் என் சேமிப்புக் கோப்புகளை நீ உன் பென்டிரைவில் எடுத்துவைத்தாய். என் பழைய ஷெப்பர்டின் முகத்தை நினைவிலிருந்து எத்தனை முறை வரைந்தாலும் புருவம் சரியாக வரவில்லை. தேடிப் பார்த்து, தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
சாந்தி