உன் வீட்டு ஹாலில் கூடுகிற சபை

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "கோயிலும் இல்லை, போதகரும் இல்லை, நாலு குடும்பம் எங்கள் ஹாலில் உட்கார்ந்து பாடி ஜெபம் பண்ணுகிறோம், இதைப் போய் எப்படிம்மா சபை என்று சொல்வது" என்று கேட்டாய். எனக்கு அப்போது சரியாகச் சொல்ல வரவில்லை.

ஆரம்பத்தில் சபை என்றாலே யாராவது ஒருவருடைய வீடுதான். பிலிப்பி பட்டணத்தில், இயேசுவைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொன்ன அப்போஸ்தலன் பவுல் முதலில் பேசியது ஆற்றங்கரையில் ஜெபத்துக்குக் கூடிய பெண்களிடம். அவர்களில் தியத்தீரா ஊர்க்காரியான லீதியாள் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த ஊதாத் துணி விற்கிறவள். ஞானஸ்நானம் பெற்ற கையோடு, என் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று பவுலையும் கூட வந்தவர்களையும் வற்புறுத்தி அழைத்துப் போனாள். பவுலும் அவரோடு ஊழியம் செய்த சீலாவும் அந்த ஊரில் சிறைப்பட்டு வெளியே வந்ததும் நேரே போனது அவள் வீட்டுக்குத்தான்.

உன்னையும் மாப்பிள்ளையையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும். யூதர்கள் ரோமாபுரியை விட்டுப் போக வேண்டும் என்று ரோமப் பேரரசன் கிலவுதியு ராயன் கட்டளையிட்டதால் கொரிந்துவுக்கு வந்து கூடாரத் தொழில் செய்தார்கள், பவுலுக்கும் அதே தொழில் என்பதால் அவரும் அவர்களோடு தங்கி வேலை பார்த்தார். (கொரிந்துவில் பவுலை விசாரித்த ரோம அதிபதி கல்லியோனின் பெயர் டெல்பி கல்வெட்டு ஒன்றில் இருப்பதால், இது கி.பி. 51 வாக்கில் என்று கணிக்கிறார்கள்.) அப்புறம் எபேசுக்குப் போனார்கள், அங்கே அவர்கள் வீட்டில் ஒரு சபை. மறுபடி ரோமாபுரி, அங்கேயும் அவர்கள் வீட்டில் ஒரு சபை. பிழைப்புக்காக ஊர் ஊராகப் போன ஒரு புருஷனும் பெண்சாதியும், பாப்பா. சுவிசேஷம் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களோடுதான் நடந்து போனது என்று நான் நம்புகிறேன்.

சுமார் கி.பி. 112-இல் பித்தினியா என்ற ரோம மாகாணத்தை ஆண்ட பிளினி, பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பட்டணங்களில் மட்டுமல்ல, கிராமங்களிலும் கிறிஸ்தவம் பரவிவிட்டது, குறித்த நாளில் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று எழுதுகிறான். உண்மையை வரவழைக்க, சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களை வதைத்ததாகவும் எழுதியிருக்கிறான். அவர்கள் பெயரைக்கூட எழுதவில்லை. அதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கட்டடம் என்று பார்த்தால், யூப்ரடீஸ் கரையில், இன்றைய சிரியாவில், துரா யூரோபோஸ் என்று ஒரு ஊர் இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் அங்கே தோண்டியபோது ஒரு வீடு கிடைத்தது. சுமார் 240-இல் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள், இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி, சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன். தெருவிலிருந்து பார்த்தால் மற்ற வீடுகளைப் போலத்தான் இருந்திருக்கும்.

அதனால் ஹால் சின்னது என்று கவலைப்படாதே. எனக்கு இருக்கிற கவலை வேறு. வீட்டில் கூடிய சபைக்குள்தான் கொரிந்துவில் அந்தத் தப்பும் நடந்தது: இயேசுவை நினைத்துக் கூடிச் சாப்பிடும் கர்த்தருடைய பந்திக்கு வந்தவர்களில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். எஜமான் வேலையை முடித்துவிட்டுத்தானே அடிமை வர முடியும்! ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் கோபமாகவே எழுதினார்.

ஹோட்டலில் வேலை முடிந்து மூன்று மணிக்குமேல் வருகிறான் என்று ஒரு பையனைப் பற்றிச் சொன்னாயே, அவன் வருவதற்குள் நீங்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிடுகிறீர்களா? அடுத்த வாரம் அவன் வந்த பிறகு இலை போடு. குழந்தைகளுக்குப் பசித்தால் முன்னாடியே கொஞ்சம் இட்லி கொடுத்துவிடு.

மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா